பரிமாற்றம் என்ற பெயரில் மலிவு உழைப்பு

அமெரிக்காவின் ஜே-1 விசா, நாடுகளிடையே பரஸ்பரப் புரிதலை வளர்ப்பதற்காக என்று கூறும் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்தது. பேராசிரியர்களும் ஆய்வாளர்களும் பெறும் இதே விசாவில்தான் கோடை விடுமுறை வேலைக்கு மாணவர்களும், குழந்தை பராமரிப்புக்கு இளம்பெண்களும் அழைத்துவரப்படுகிறார்கள்.

2011 ஆகஸ்டில் இந்தப் 'பண்பாட்டின்' சாயம் வெளுத்தது. பென்சில்வேனியாவில் ஹெர்ஷே சாக்லேட்டுகளைப் பொதி செய்யும் கிடங்கில் நூற்றுக்கணக்கான அயல்நாட்டு மாணவர்கள் வேலையை நிறுத்தி வீதிக்கு வந்தனர். பெட்டி தூக்குவதும் இரவு ஷிப்டுமே அவர்கள் கண்ட அமெரிக்கா; வாடகையோ சம்பளத்திலேயே பிடித்தம். மறு ஆண்டு, மாணவர்களைக் கிடங்கு வேலையிலும் ஆலை உற்பத்தியிலும் அமர்த்த வெளியுறவுத்துறை தடை விதித்தது. போராடாமல் இது வந்திருக்குமா?

ஆனால், விதிகளின் அடித்தளம் அசையவில்லை. இம்மாணவர்களுக்காக முதலாளி சமூகப் பாதுகாப்பு வரி செலுத்த வேண்டியதில்லை. ஆகவே உள்ளூர்த் தொழிலாளியைவிட இவர்கள் மலிவு. விசாவுக்கு ஆதாரமான படிவம் ஸ்பான்சர் நிறுவனத்தின் கையில் இருக்கையில், வாய் திறக்கத் துணிபவர் எத்தனை பேர்?

குழந்தை பராமரிப்புப் பெண்களுக்கு ஏஜென்சிகள் நிர்ணயித்த உதவித்தொகை, 45 மணி நேர வாரத்திற்கு 195.75 டாலர்; மணிக்கு 4.35. கூட்டரசின் குறைந்தபட்சக் கூலி 7.25. மீதி, சோற்றுக்கும் இடத்துக்கும் கழிவாம்! நமது பண்ணையார்களின் பழைய கணக்கேதான். அப்பெண்கள் வழக்காடியதால், 2019இல் 15 ஏஜென்சிகள் 6.55 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டன.

வேலை வாங்கினால் அவர் தொழிலாளி. கழிவற்ற முழுக்கூலியும், புகார் செய்தால் விசா பறிபோகாது என்ற சட்டப் பாதுகாப்பும் அவருக்கு வேண்டும்.