நிறுத்திக் காட்டிவிட்டுப் பணம் வாங்குங்கள்

செகந்தராபாத்தில் பார்க் லேன் பக்கம் நடமாடுகிறவர்களுக்கு சினாய் டிரேட் சென்டரைத் தெரியாமல் இராது. கம்ப்யூட்டருக்கென்றே பெயரெடுத்த கட்டடம் அது. அந்த வட்டாரம் மட்டுமல்ல, நகரத்தில் எங்கே போய்ப் பழைய கம்ப்யூட்டர் விசாரித்தாலும் இப்போதெல்லாம் கடைக்காரரே முந்திக்கொண்டு, "லினக்ஸ் போட்டுத் தரட்டுமா சார்?" என்று கேட்கிறார். ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன்பு நாம் கேட்டால்கூட அவர் முகம் சுளித்திருப்பார்.

காரணம் இல்லாமல் இல்லை. மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. அடுத்து வந்த விண்டோஸ் 11 எல்லா இயந்திரத்திலும் ஏறாது. இன்டெல் சிப் என்றால் எட்டாம் தலைமுறையாகவாவது இருக்க வேண்டும் என்கிறது. அந்தத் தலைமுறை சந்தைக்கு வந்ததே 2017-இல். அதற்கு முன்பு வாங்கிய இயந்திரம் எவ்வளவு நன்றாக ஓடினாலும் விண்டோஸைப் பொறுத்தவரை அதற்கு வயதாகிவிட்டது. அலுவலகங்கள் கழித்துக்கட்டும் அத்தகைய இயந்திரங்கள்தாம் நம்மைப் போன்ற குமாஸ்தா குடும்பங்களுக்கும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் வந்து சேர்கின்றன. ஹெல்சிங்கி நகரத்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தம் வீட்டுக் கம்ப்யூட்டருக்காக எழுதத் தொடங்கிய லினக்ஸ், அவற்றுக்கு மறுபிறவி கொடுக்கிறது. காசு கிடையாது, திருட்டுப் பிரதி என்ற குற்ற உணர்ச்சியும் கிடையாது.

லினக்ஸ் நமக்கு அந்நியமும் அல்ல. பாஸ் என்ற இந்திய லினக்ஸ் உருவானது சென்னை சிடாக்கில்தான். 2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது விண்டோஸுடன் பாஸும் சேர்ந்தே வந்தது. அதைத் திறந்து பார்த்தவர்கள் எத்தனை பேர் என்பது வேறு கதை.

ஆகவே லினக்ஸ் வேண்டாம் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. என் புகார் வேறு. பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டுக் கொடுப்பவர்கள் அது எழுந்து ஓடுவதை மட்டும் காட்டிவிட்டுப் பணத்தை வாங்கிக்கொள்கிறார்கள். அது ஒழுங்காக நிற்கிறதா என்று ஒருவரும் பார்ப்பதில்லை.

லாலாகூடாவுக்கும் மெட்டுகூடாவுக்கும் இடையே குடியிருக்கும் நான் ரயில்வே குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். மாலை வேளைகளில் நம் தொழிலாளர்களுக்கு பிராவிடண்ட் பண்டு மனு, இ-ஷ்ரம் பதிவு போன்றவற்றைச் செய்து கொடுப்பது வழக்கம். அதற்காக ஒரு பழைய மேசைக் கம்ப்யூட்டரை லினக்ஸுடன் வாங்கினேன். எந்தக் கடை என்பது வேண்டாம்; மேலே சொன்ன கட்டடத்தில் அல்ல. பக்கத்து வீட்டுப் பையன், அவன் வீட்டுக் கம்ப்யூட்டரில் உள்ள படிவங்களை நானும் எடுத்துக்கொள்ள வசதியாக, வைஃபை வழியே ஒரு பொதுப் பெட்டியை இணைத்துக் கொடுத்தான். நல்ல பையன். அவன் மேல் தவறு சொல்ல மாட்டேன்.

அன்றிலிருந்து கம்ப்யூட்டர் நிற்க மறுத்தது. நிறுத்தும் பொத்தானைத் தட்டினால் திரை கருக்கும், நடுவில் ஒரு சின்னம் மட்டும் நிற்கும், விசிறி சுற்றிக்கொண்டே இருக்கும். கடைக்குப் போன் போட்டேன். "ஏம் காது சார், பவர் பட்டனை அழுத்திப் பிடியுங்கள், இல்லாவிட்டால் பிளக்கைப் பிடுங்குங்கள்" என்றார். ஒன்றும் ஆகாதாம்! நானும் மூன்று வாரம் தினமும் பிளக்கைப் பிடுங்கினேன்.

ஒன்றும் ஆகாமல் இல்லை. ஒரு நாள் காலை கம்ப்யூட்டர் எழவில்லை. கருப்புத் திரையில் வெள்ளை எழுத்தில், வட்டைச் சோதித்துச் சரி செய் என்று ஆங்கிலத்தில் கேட்டு நின்றது. பையன் வந்து ஏதோ தட்டி எழுப்பிவிட்டான். எல்லாக் கோப்புகளும் இருந்தன. 41 பேருடைய பெயர், கணக்கு எண், வேலை செய்த இடம், சேர்ந்த தேதி எல்லாம் எழுதி வைத்த பட்டியல் மட்டும் இருந்த இடத்தில் வெறும் பெயராக இருந்தது. அளவு பூஜ்யம். அதற்கு வேறு பிரதி எடுத்து வைக்காதது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கான தண்டனை எனக்கு வரவில்லை. கட்டட வேலைக்குப் போகும் ஓர் அம்மாளின் கணவர் ஜீடிமெட்லாவில் வேலை பார்த்துக் காலமானவர். அவருடைய கணக்கு எண் இருந்த பழைய சீட்டை எனக்குக் காட்டிவிட்டு அந்த அம்மாள் அதை விழுப்புரத்துப் பக்கம் உள்ள சொந்த ஊரிலேயே கொண்டுபோய் வைத்துவிட்டார். அந்த எண்ணுக்காக மறுபடி சார்மினார் எக்ஸ்பிரஸில் ஏறிப் போய் வந்தார். நான்கு நாள் கூலி போயிற்று.

இது எப்படி நேர்ந்தது என்று பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கணக்குப் பிள்ளைகளுக்கு இது எளிதில் விளங்கும். கடையில் வரவு செலவு நடந்த கையோடு சிட்டாவில் ஒரு வரி குறித்துக்கொள்கிறோம்; சாவகாசமாகப் பேரேட்டில் ஏற்றுகிறோம். கம்ப்யூட்டரும் அப்படித்தான். நாம் 'சேமி' என்று தட்டியதும் எழுத்து வட்டில் ஏறிவிட்டது என்று நினைக்கிறோம். உண்மையில் அது நினைவகத்தில் காத்திருக்கிறது. சாதாரணமாக அரை நிமிடம் வரைகூட அங்கேயே இருக்கலாம். நிறுத்தும்படி சொன்னால் லினக்ஸ் முதலில் ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களை முடித்துக்கொள்ளச் சொல்கிறது, அடங்காதவற்றை அடக்குகிறது, மிச்சமுள்ளதை வட்டில் எழுதுகிறது, வட்டைப் பூட்டுகிறது, கடைசியாக மின்சாரத்தைத் துண்டிக்கச் சொல்கிறது. நடுவில் பிளக்கைப் பிடுங்குவது, பேரேடு எழுதிக்கொண்டிருக்கும் குமாஸ்தாவின் கையிலிருந்து புத்தகத்தைப் பறிப்பதற்குச் சமம். இன்றைய லினக்ஸ் வட்டுகளில் சிட்டா போன்ற ஓர் ஏற்பாடு உண்டு. ஆனால் அது பெரும்பாலும் கோப்புகளின் அடுக்குமுறையைத்தான் காப்பாற்றும். கடைசியாக எழுதிய விஷயத்தைக் காப்பாற்றும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பெயர் இருந்து சரக்கு இல்லாமல் போனது அதனால்தான்.

சரி, கம்ப்யூட்டர் ஏன் நிற்கவில்லை? வேடிக்கை என்னவென்றால், அது நின்றிருக்கும்! ஒன்றரை நிமிடம் பொறுத்திருந்தால் தானாகவே நின்றிருக்கும். நிறுத்தும்போது வைஃபை முதலில் அறுந்துவிடுகிறது. பிறகு பக்கத்து வீட்டுப் பெட்டியிடம் விடைபெறப் போகிறது. அங்கிருந்து பதில் வராது. இப்படி ஏதாவது ஒன்று முடியாமல் இழுத்தால் 90 விநாடி காத்திருப்பது என்பது, இன்று பெரும்பாலான லினக்ஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டி என்ற நிரலின் வழக்கமான விதி. அந்தச் சின்னம் தெரியும்போது எஸ்கேப் விசையைத் தட்டியிருந்தால் 'எ ஸ்டாப் ஜாப் இஸ் ரன்னிங்' என்ற வரியும், எதற்காகக் காத்திருக்கிறது என்ற விவரமும், ஓடும் விநாடிகளும் பெரும்பாலும் கண் முன்னே தெரிந்திருக்கும். இந்த ஒரு வாக்கியத்தைக் கடைக்காரர் சொல்லியிருந்தால் அந்த அம்மாளுக்கு நான்கு நாள் கூலி மிச்சம்.

90 விநாடி அதிகம் என்று லினக்ஸ்காரர்களே உணர்ந்திருக்கிறார்கள். ஃபெடோரா என்ற லினக்ஸ் 2023-இல் தன் 38-ஆம் பதிப்பில் அதை 45 விநாடியாகக் குறைத்தது. நாமும் குறைக்கலாம், ஒரே வரி மாற்றம்தான். ஆனால் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் நேரத்தை மட்டும் வெட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. என் வீட்டில் அந்தப் பெட்டி இணைப்பை எடுத்தோம், தகராறு தீர்ந்தது. வேறு வீடுகளில் பிரிண்டர் இருக்கலாம், கழற்ற மறந்த பென் டிரைவ் இருக்கலாம். நினைவகம் குறைந்த இயந்திரத்தில் வட்டில் தற்காலிகமாக இறக்கி வைத்ததைத் திரும்ப அள்ளிக்கொள்ளவே நேரம் பிடிக்கும்.

இன்னொரு வகைத் தகராறு உண்டு. எல்லா வேலையும் முடிந்துவிடும், 'பவர் ஆஃப்' என்ற வரிகூடத் திரையில் வந்துவிடும், ஆனால் விளக்கும் விசிறியும் அணையாது. இதில் கோப்புகளுக்கு ஆபத்து இல்லை. கடைசிக் கட்டளையைத் தாய்ப்பலகை கேட்கவில்லை, அவ்வளவுதான். முன்காலத்துக் கம்ப்யூட்டர்களில் ஸ்விட்சை நாமேதான் அணைத்தோம். 'இனி அணைக்கலாம்' என்று விண்டோஸ் 95 எழுதிக் காட்டியது சிலருக்கு நினைவிருக்கும். 1995-இல் ஏடிஎக்ஸ் வகைத் தாய்ப்பலகை வந்த பிறகு கம்ப்யூட்டரே தன்னை அணைத்துக்கொள்ள வழி பிறந்தது. 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து அதற்கு ஏசிபிஐ என்ற விதிமுறை வகுத்தன. ஆனால் தாய்ப்பலகையின் பயாஸ் எழுதிய பலர் விண்டோஸில் நிற்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுச் சந்தைக்கு அனுப்பினார்கள். அந்த அலட்சியம்தான் இன்று லினக்ஸின் தலையில் விடிகிறது. புதிய பயாஸ் கிடைத்தால் ஏற்றுவதும், வேறு பதிப்புக் கர்னலில் ஓட்டிப் பார்ப்பதும் முதல் வைத்தியம்.

மூன்றாவது, அணைத்தால் இரண்டு விநாடியில் பேய் போல மீண்டும் எழுந்துகொள்ளும் கம்ப்யூட்டர். 2013-இல் வந்த ஹாஸ்வெல் வகை இயந்திரங்கள் சிலவற்றில், யுஎஸ்பி பகுதியின் கோளாறால் இப்படி நேர்ந்து, அதே ஆண்டில் லினக்ஸ் கர்னலிலேயே திருத்தம் சேர்த்தார்கள். பழைய மேசைக் கம்ப்யூட்டர் சந்தையில் இந்த வகை இன்றும் கண்ணில் படுகிறது என்பதால் சொல்கிறேன். மற்றவற்றில் பயாஸுக்குள் 'வேக் ஆன் லான்' என்ற அமைப்பை அணைத்துப் பார்க்கலாம். அணைத்த அமைப்பு மறுநாள் பழையபடி ஆகிவிட்டால், தாய்ப்பலகையில் நாணயம் போல இருக்கும் சிஆர் 2032 பேட்டரி செத்துவிட்டது என்று பொருள். அதை மாற்றப் பெரிய செலவில்லை.

உண்மையிலேயே உறைந்துவிட்டால் என்ன செய்வது? அப்போதும் பிளக் வேண்டாம். உபுண்டு, மிண்ட் போன்றவற்றில் ஆல்ட் விசையையும் பிரிண்ட் ஸ்கிரீன் விசையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, இரண்டிரண்டு விநாடி விட்டு எஸ், யூ, ஓ என்ற மூன்று எழுத்துகளை வரிசையாகத் தட்ட வேண்டும். முதல் எழுத்து நிலுவையை வட்டில் எழுதும், இரண்டாவது வட்டைப் பூட்டும், மூன்றாவது அணைக்கும். மூன்றாவது பலிக்காவிட்டாலும் பாதகமில்லை. முதல் இரண்டும் நடந்துவிட்டால் பவர் பட்டனை நான்கைந்து விநாடி அழுத்திப் பிடிக்கலாம். சில மடிக்கணினிகளில் கூடவே எஃப்என் விசையும் பிடிக்க வேண்டியிருக்கும்.

"இந்தத் தொல்லையெல்லாம் எதற்கு? விண்டோஸையே போட்டுக்கொண்டால் ஆயிற்று" என்று நண்பர் ஒருவர் சொன்னார். விண்டோஸ் மட்டும் உண்மையில் நிற்கிறதா? விண்டோஸ் 8 வந்த 2012 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற பெயரில் அது முழுமையாக நிற்பதே இல்லை, பாதி உறங்குகிறது. இரண்டையும் ஒரே கம்ப்யூட்டரில் வைத்திருப்பவர்களுக்கு, விண்டோஸ் பகுதியைத் திறந்து எழுத லினக்ஸ் மறுப்பது இதனால்தான். அது போகட்டும். திருத்தங்கள் வராத விண்டோஸில், அதுவும் திருட்டுப் பிரதியில், வங்கிக் கணக்கையும் பிராவிடண்ட் பண்டையும் திறப்பதைவிட ஒன்றரை நிமிடம் காத்திருப்பது மேல் என்பது என் கட்சி.

கடைக்காரர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். லினக்ஸ் இலவசம்தான், உங்கள் கூலி இலவசமல்லவே! வாங்குபவர் எதிரிலேயே மூன்று முறை நிறுத்திக் காட்டுங்கள். ஒன்று வெறுமனே, ஒன்று வைஃபை இணைத்து, ஒன்று பிரிண்டரும் பென் டிரைவும் செருகி. நிற்காவிட்டால் எஸ்கேப் தட்டிப் பார்க்கவும், பிளக்கைப் பிடுங்காமல் மூன்று எழுத்தைத் தட்டவும் அரைத் தாளில் தெலுங்கிலோ தமிழிலோ எழுதி ஒட்டிக் கொடுங்கள். பத்து நிமிட வேலை. வாங்கும் நம்மவர்களும் நின்ற பிறகே பணத்தை எடுக்க வேண்டும்.

இந்த ஊரில் ஸ்வேச்சா என்ற அமைப்பு நெடுநாளாகத் தெலுங்கில் கட்டற்ற மென்பொருளைப் பரப்பி வருகிறது. அதைப் போல நம் தமிழ்ச் சங்கங்களும் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு மேசையைப் போட்டு, கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளைகள் இரண்டு பேரை உட்கார வைக்கலாம். பட்டிமன்றம் நடத்த இடம் கிடைக்கிறது, இதற்குக் கிடைக்காதா?

என் கம்ப்யூட்டர் இப்போது பன்னிரண்டு விநாடியில் நின்றுவிடுகிறது. பட்டியலை இரண்டு இடத்தில் வைத்திருக்கிறேன், காகிதத்திலும் ஒன்று. 41 பேரில் 36 பேருடைய விவரத்தை மறுபடி வாங்கி எழுதியாயிற்று. விழுப்புரத்து அம்மாளின் மனு போய்விட்டது. மீதி ஐந்து பேரில் மூவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு பேர் வேலை தேடி வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். அவர்களுடைய போன் நம்பரும் அந்தப் பட்டியலில்தான் இருந்தது.