பழைய கருவியிலும் கட்ட முடிய வேண்டும்: பில்ட் ஸ்கிரிப்டுகள் குறித்து எங்கள் நிலைப்பாடு

கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழ் விசைப்பலகை, எழுத்துரு சார்ந்த திறமூல மென்பொருள்களை எழுதிப் பராமரிக்கும் தன்னார்வலர்கள் நாங்கள். மூலநிரலை இயங்கும் மென்பொருளாகக் கட்டித்தரும் பில்ட் ஸ்கிரிப்டுகள் எவ்வளவு பழைய கருவிகளுக்கு இடங்கொடுக்க வேண்டும்? எங்கள் முடிவு இது: வழக்கமான ஆதரவுக் காலம் முடியாத மிகப் பழைய உபுண்டு நீண்டகாலப் பதிப்பில், அதனுடன் வரும் கருவிகளை மட்டும் கொண்டு எங்கள் நிரலைக் கட்ட முடிய வேண்டும். 2027 வரை அது 22.04, அதில் உள்ள சிமேக் (CMake) கட்டுமானக் கருவி 3.22.

இந்த முடிவுக்கு எங்கள் தவறே காரணம். கிள்ளானிலிருந்து வந்த ஒரு மாணவர், விசைப்பலகையில் ஒரேயொரு விசையின் பிழையைத் திருத்த விரும்பினார். கையில் 22.04 போட்ட பழைய மடிக்கணினி. முதல் கட்டளையிலேயே ஸ்கிரிப்ட் நின்றுவிட்டது. சிமேக் 3.25-இல் வந்த பிளாக் கட்டளையை நாங்கள் பயன்படுத்தியிருந்தோம். பழைய ஃபங்ஷன் கட்டளையால் அதே வேலை நடந்திருக்கும். நான்கு வரி கூடியிருக்கும். அந்த நான்கு வரியை மிச்சம்பிடித்ததில் அவருடைய சனிக்கிழமை போயிற்று.

"பிப் வழியாக ஒரே கட்டளையில் புது சிமேக் வந்துவிடுமே" என்று எங்களுக்குள்ளேயே சிலர் கேட்டார்கள். பழகியவருக்குச் சரி. புதிதாக வருபவருக்கு அதுவே முதல் தடுக்கல். உபுண்டு, டெபியன் தொகுப்பாளர்களோ அந்தந்தப் பதிப்பின் கருவியைக் கொண்டே கட்டுகிறார்கள். பழைய கருவி பழைய கணினியில்தான் இருக்கும் என்றும் இல்லை. ஆப்பிள் தரும் குனு மேக் (make) கட்டுமானக் கருவி 2006-இல் வெளிவந்த 3.81. 2013-இன் 4.0 பதிப்பு வசதியை மேக்ஃபைலில் எழுதினால், நேற்று வாங்கிய மேக்புக்கிலும் கட்டுமானம் முறியும்.

ஸ்கிரிப்டைத் தொடாமலே வைத்திருந்தால் பழைய கருவிகளுக்கு இடங்கொடுத்ததாகாது. 2025 மார்ச்சில் வந்த சிமேக் 4.0, 3.5-க்கு முந்தைய பதிப்புகளுக்கான இணக்கத்தை நீக்கியது. குறைந்தபட்சம் 2.8 என்று என்றோ எழுதி மறந்த திட்டங்கள், நிரலில் குறையில்லாமலே நின்றன. 2023 அக்டோபரில் பைத்தான் 3.12, டிஸ்ட்யூட்டில்ஸ் என்னும் தொகுப்பு நிரலகத்தைக் கைவிட்டபோதும் இதே கதைதான்.

மலேசியத் தமிழருக்கு இந்தச் சங்கடம் புதிதல்ல. 1985-இல் முரசு அஞ்சல் தமிழ் மென்பொருள் பிறந்த மண் இது. 2001-இல் கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடு நடந்த காலத்தில், ஓர் எழுத்துருவில் அடித்த கடிதம் இன்னொன்றில் குப்பையாகத் தெரியும். கோப்பு பத்திரமாக இருக்கும், படிக்கத்தான் முடியாது. கட்ட முடியாத மூலநிரலுக்கும் அதே கதிதான்.

ஆகவே நாங்கள் உறுதியளிப்பவை:

1. சிமேக் கோப்பின் முதல் வரியில் 3.22 முதல் 4.0 வரை என இரு எல்லைகளையும் எழுதுவோம். குறைந்தபட்ச எண் மட்டும் போதாது.

2. ஒவ்வொரு மாற்றத்தையும் இரு எல்லைப் பதிப்புகளிலும் தானியங்கியாகக் கட்டிப் பார்ப்போம். சோதிக்காத பதிப்பை ஆதரிப்பதாகச் சொல்ல மாட்டோம்.

3. கீழ் எல்லையை உயர்த்துவதானால் ஆறு மாதம் முன்பே, காரணத்தோடு அறிவிப்போம். ஸ்கிரிப்டில் சில வரிகள் குறைவது காரணமாகாது.

4. ஆதரவு முடிந்த பதிப்புகளுக்காக நிரலை வளைக்க மாட்டோம். அவற்றில் கட்டக்கூடிய கடைசி வெளியீடு எது என்பதைக் குறித்து வைப்போம்.

நான்காவது சிலருக்குக் கசக்கும். ஆனால் எல்லையில்லாத வாக்குறுதியைக் காப்பாற்ற எங்களிடம் ஆளும் இல்லை, நேரமும் இல்லை.

பிரிக்ஃபீல்ட்ஸிலோ கிள்ளானிலோ, சொன்ன எல்லைக்குள் இருக்கும் கருவியால் எங்கள் நிரலைக் கட்ட முடியவில்லை என்றால் தெரிவியுங்கள். கணினியை மாற்றச் சொல்ல மாட்டோம்; எங்கள் பிழையாகப் பதிந்துகொள்வோம்.