'ஆய்வகத்தில் நிரூபிச்சாச்சு' என்றால் என்ன? சோற்றைச் சர்க்கரையாக்கும் நொதியின் கதை

தஞ்சோங் காராங் வயலில் விளைந்த அரிசி, சோறாகி உங்கள் வாய்க்குள் போனதுமே செரிமானம் தொடங்கிவிடுகிறது. உமிழ்நீரில் உள்ள அமைலேஸ் எனும் நொதி மாவுச்சத்தை உடைக்கிறது. வயிற்று அமிலத்தில் அதன் வேகம் அடங்கிவிடும். பிறகு கணையம் சுரக்கும் இன்னொரு அமைலேஸ் சிறுகுடலில் மீதி வேலையைப் பார்க்கும். கடைசியாகக் குடல் சுவரில் உள்ள நொதிகள் அதைக் குளுக்கோஸாக்கி இரத்தத்தில் சேர வழிவிடும்.

இது ஏன் நமக்கு முக்கியம்?

2019 தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு, அதாவது ஏறக்குறைய மூவரில் ஒருவர். 2023 ஆய்வில் நாட்டின் அளவு 15.6 விழுக்காடாக இறங்கியது. ஆனாலும் நம்ம வீடுகளில் இனிப்பு நீர் மாத்திரை இல்லாத வீடு குறைவுதான். அதனால்தான், "இந்த இலைப் பொடி சர்க்கரையைக் குறைக்கும், ஆய்வகத்தில் நிரூபிச்சாச்சு" என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தால் சட்டென்று நம்பிவிடுகிறோம்.

ஆய்வகத்தில் என்னதான் செய்கிறார்கள்?

ஒரு குழாயில் மாவுச்சத்து, அமைலேஸ், கூடவே அந்த இலைச் சாறு. மாவுச்சத்து மெதுவாக உடைந்தால், சாறு நொதியைத் தடுக்கிறது என்று அர்த்தம். ஆனால் பல ஆய்வுகளில் பயன்படுவது பன்றியின் கணையத்திலிருந்து எடுத்த அமைலேஸ். விலை குறைவு, எளிதில் கிடைக்கும். மனித நொதிக்கு அது நெருங்கிய சொந்தம்தான், ஆனால் அதே நொதி அல்ல. ஒன்றைத் தடுக்கும் பொருள் மற்றதை அதே அளவுக்குத் தடுக்கும் என்று சொல்ல முடியாது.

அப்படியென்றால் மனித நொதிக்கு எங்கே போவது?

மனிதக் கணையத்திலிருந்து எடுக்க வேண்டியதில்லை. அந்த நொதிக்கான மரபணுவை ஈஸ்ட் போன்ற நுண்ணுயிருக்குள் வைத்தால், அதுவே மனித அமைலேஸைத் தயாரித்துக் கொடுக்கும். இதுதான் மறுசேர்க்கை நொதி. புது வித்தை இல்லை. 1978-இல் பாக்டீரியாவில் மனித இன்சுலின் உருவானதும் இதே வழியில்தான். 1982-இல் அது மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மனிதக் கணைய அமைலேஸை வைத்தே ஆயிரக்கணக்கான இயற்கைச் சாறுகளைச் சோதித்தார்கள். அதில் சிக்கியதுதான் மோன்பிரீஷியா எனும் பூச்செடியில் உள்ள மோன்பிரெட்டின் ஏ. ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள அகார்போஸ் மாத்திரை, குடல் சுவர் நொதிகளையும் சேர்த்துத் தடுக்கிறது. செரிக்காத மாவுச்சத்து பெருங்குடலில் நொதித்துப் புளிப்பதால் வயிற்றில் வாயு, உப்புசம் வரும். கணைய அமைலேஸை மட்டும் குறிவைத்தால் இந்தத் தொல்லை குறையலாம் என்பது ஆய்வாளர்களின் எதிர்பார்ப்பு.

நீங்க என்ன கேட்கணும்?

அடுத்த முறை "நிரூபிச்சாச்சு" என்று பார்த்தால் மூன்று கேள்வி கேளுங்கள். சோதித்தது மனித நொதியிலா, பன்றி நொதியிலா? குழாயிலா, மனிதரிடமா? எத்தனை பேரிடம், எவ்வளவு காலம்?

மனித நொதியில் வேலை செய்தாலும் அது முதல் படிதான். குழாயில் கல்லீரல் இல்லை, சிறுநீரகம் இல்லை, நீங்கள் ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரையும் இல்லை. பாட்டி மெட்ஃபார்மினை நிறுத்திவிட்டுப் பொடிக்கு மாறுகிறேன் என்றால், அந்தச் செய்தியைக் கிளினிக்கில் காட்டிக் கேட்டபிறகு முடிவெடுக்கலாம் என்று சொல்லுங்கள். பொட்டலத்தில் 'எம்ஏஎல்' என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாத பொடியை வாங்கவே வேண்டாம். இருந்தாலும், அது மாத்திரைக்கு மாற்று ஆகிவிடாது.