வயருக்குக் காவல் உண்டு; உயிருக்கு?

மழைக்காலம் வந்தால் பத்திரிகைகளில் ஒரு செய்தி தவறாமல் வருகிறது. கொடிக்கம்பியில் துணி உலர்த்தப் போன பெண்ணை மின்சாரம் தாக்கியது; காப்பாற்ற ஓடியவரும் மாண்டார் என்பது போன்ற செய்தி அது. ஊர் மாறுகிறது. பெயர் மாறுகிறது. செய்தி மாறுவதில்லை.

"அந்த வீட்டில் பியூஸ் இல்லையா?" என்று கேட்கிறோம். இருந்திருக்கும். ஆனால், பியூஸ் வயரைக் காப்பதற்காக ஏற்பட்டது. மனிதரைக் காக்க அதனால் முடியாது.

வயரில் அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினால் வயர் சூடேறும், மேலுறை உருகும், தீப்பிடிக்கும். அதற்கு முன்பே மின்சாரத்தைத் துண்டிப்பது பியூஸின் வேலை. அது எரிந்துபோனால், கனமான செம்புக் கம்பியைச் சுற்றி மாட்டுகிறவர்கள் உண்டு. "இனி போகவே போகாது" என்று பெருமையும் பேசுகிறார்கள். உண்மைதான். இனி பியூஸ் போகாது, வீடுதான் போகும்!

இன்று பியூஸ் கட்டைக்குப் பதிலாக எம்.சி.பி. வந்துவிட்டது. மின்சாரம் மிகுந்தால் அதன் விசை தானே கீழே விழும். குறையைச் சரிசெய்து மேலே தள்ளிவிட்டால் போதும். அதன் அளவு வயர் தாங்கும் அளவை மீறக் கூடாது. விளக்கு, மின்விசிறிக்குச் செல்லும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயருக்கு 6 அல்லது 10 ஆம்பியர் போதும். கீசருக்குச் செல்லும் 2.5 சதுர மில்லிமீட்டர் வயருக்கு 16 ஆம்பியர். அடிக்கடி விழுகிறதே என்று பெரிய அளவாக மாற்றுவதும், பியூஸில் கனத்த கம்பி கட்டுவதும் ஒன்றுதான்.

எம்.சி.பி.யும் வயரின் காவலாளியே. மனித உடலில் 100 மில்லி ஆம்பியர் பாய்ந்தாலே உயிர் போகலாம். அது 6 ஆம்பியரில் அறுபதில் ஒரு பங்கு. அவ்வளவு சிறிய அளவுக்கு எம்.சி.பி. அசையாது.

உயிருக்குக் காவல் ஆர்.சி.சி.பி. என்னும் கருவி. அதன் வேலை கணக்குப் பார்ப்பது. ஒரு கம்பி வழியே போன மின்சாரம், மறு கம்பி வழியே முழுவதும் திரும்பி வர வேண்டும். குறைந்தால், ஈரச்சுவர் வழியாகவோ, ஒருவர் உடல் வழியாகவோ தரைக்குப் போகிறது என்று பொருள். 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே, ஒரு நொடி ஆவதற்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். வீடுகளுக்கு இந்த 30-க்கு மேல் போகக் கூடாது என்று மத்திய மின்சார ஆணையத்தின் 2023-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. கடையில் 100, 300 அளவுகளும் கிடைக்கும். வீட்டுக்கு அவற்றை வாங்க வேண்டாம்.

இரு கைகளாலும் இரு கம்பிகளையும் தொட்டால், இந்தக் கருவியும் காப்பாற்றாது. வயர் சூடேறுவதையும் இது தடுக்காது. ஆகவே, இரண்டு காவலும் வேண்டும். நல்ல எர்த்தும் வேண்டும்.

மழை நாளில் ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுகிறது என்று அதைக் கழற்றிவிடச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நாய் குரைக்கிறதே என்று நாயை விரட்டிவிட்டுத் திருடனை உள்ளே விடலாமா? எங்கோ மின்சாரம் கசிகிறது என்று அது சொல்கிறது. கசிவைத் தேடிக் கண்டுபிடித்துச் சரிசெய்வதே அறிவுடைமை.

இன்று ஞாயிற்றுக்கிழமை. மெயின் போர்டின் எதிரே போய் நின்று பாருங்கள். டெஸ்ட் பொத்தான் உள்ள கருவி இருக்கிறதா? இருந்தால் அந்தப் பொத்தானை அழுத்துங்கள். உடனே விசை விழ வேண்டும். மாதம் ஒரு முறை இப்படிச் சோதிப்பது நல்லது. விழாவிட்டாலும், கருவியே இல்லாவிட்டாலும், நாளைக்கே உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை அழையுங்கள். வீட்டு வாசற்கதவுக்கு ஆகும் செலவில் ஒரு சிறு பங்குதான் ஆகும்.

அவர் வருவதற்குள் நீங்களே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. கொடிக்கம்பியை அவிழ்த்துவிட்டு, நைலான் கயிறு கட்டுங்கள்.