திருக்கோவலூருக்குச் சென்ற நோட்டுப் புத்தகம்

சென்ற பிரதோஷத்தன்று கிளி கோபுரத்தருகே ஓர் அன்னையார் அடியேனை நிறுத்தினார். பத்தாம் வகுப்பில் பயிலும் அவருடைய மைந்தன் கணிதத்தில் மட்டும் தொடர்ந்து தோல்வியுறுகிறானாம். "பதினோரு பௌர்ணமி கிரிவலம் வருவதாக அண்ணாமலையாரிடம் வேண்டிக்கொண்டேன், ஐயா. இன்னும் என்ன செய்யட்டும்?" என்றபோது அவருடைய குரல் தழுதழுத்தது. பையனிடம், எவ்வாறு படிக்கிறாய் என்று வினவினேன். விடையோடு அச்சிட்ட கணக்குகளைப் பலமுறை வாசிப்பதாகச் சொன்னான்.

நோய் இதுதான். கணக்கை வாசித்தால் புரிந்ததுபோல் தோன்றும். புத்தகத்தை மூடிவிட்டு எழுத முற்பட்டால் இரண்டாம் வரியிலேயே கை நின்றுவிடும்.

கணிதமேதை ராமானுஜன் தம் ஆற்றலை நாமக்கல் நாமகிரித் தாயாரின் அருள் என்றே கூறிவந்தார். அதை நாம் அடிக்கடி நினைவுகூர்கிறோம். அவருடைய சிலேட்டை ஏனோ மறந்துவிடுகிறோம். காகிதம் வாங்க வசதியின்றிச் சிலேட்டில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, மீண்டும் எழுதி, முடிவை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் பதித்தார். கும்பகோணத்தில் மாணவராக இருந்தபோது அவர் கையில் கிடைத்தது கார் என்பவர் தொகுத்த நூல். ஆயிரக்கணக்கான சூத்திரங்கள் இருந்தனவேயன்றி விரிவான நிரூபணங்கள் அதில் இல்லை. அவற்றைத் தாமே ஒவ்வொன்றாக நிறுவிப் பார்த்தார். விடை இல்லாத புத்தகமே அவருக்கு ஆசானாயிற்று!

ஆனால் பிற பாடங்களை அவர் கைவிட்டதால் கல்லூரி உதவித்தொகை பறிபோயிற்று, எஃப்.ஏ. தேர்விலும் தேறவில்லை. இதில் மட்டும் அவரைப் பின்பற்ற வேண்டாம் என்று பையனிடம் சொன்னேன். சிரித்தான்.

அடுத்து நிகழ்ந்தது நம் ஊருக்கு அண்மையிலேயே. 1910ஆம் ஆண்டு, வேலை தேடி, அந்த நோட்டுப் புத்தகத்தோடு திருக்கோவலூர் சென்றார் ராமானுஜன். மூவடியால் உலகளந்த பெருமாளின் தலத்துக்கு அளவையில் வல்லவர் ஒருவர் வந்து சேர்ந்தது பொருத்தந்தான். அங்கு டெபுடி கலெக்டராக இருந்த வி. ராமசுவாமி ஐயர், 1907இல் இந்தியக் கணிதக் கழகத்துக்கு வித்திட்டவர். ஏடுகளைப் புரட்டியவர், இவரைத் தம் அலுவலகத்தில் எழுத்தராக அமர்த்த மனமின்றி, சென்னையிலிருந்த கணித அன்பர்களுக்குக் கடிதம் கொடுத்தனுப்பினார். நான்கே ஆண்டுகளில், 1914இல், ராமானுஜன் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறினார். தேர்வில் தோற்றவர் தம் ஏட்டை அறிந்தவர் ஒருவர்முன் கூசாமல் விரித்தார் என்பதை எண்ணிப் பாருங்கள். நம் பிள்ளைகளோ தவறான கணக்கை ஆசிரியர் கண்ணில் படாமல் கிழித்தெறிகிறார்கள்.

ஆகவே அப்பையனிடம் ஒன்றே கேட்டுக்கொண்டேன். நாள்தோறும் ஐந்து கணக்கு, விடையை மூடிவைத்து, ஒரு படியும் தாண்டாமல் எழுத வேண்டும். கிரிவலத்தில் அக்கினி லிங்கத்தைத் தரிசித்தவர் இடையிலுள்ளவற்றை விட்டு ஈசானிய லிங்கத்துக்குத் தாவுவதுண்டோ? தவறியதை அழிக்காமல் ஆசிரியரிடம் காட்ட வேண்டும். அன்னையாரிடம், "வலத்தைத் தாங்கள் வாருங்கள், அம்மா, தேர்வு முடியும்வரை பையன் இரவில் உறங்கட்டும்" என்றேன். அவருக்கு அது அத்தனை உவப்பாயில்லை.

நேற்று இருவரும் மீண்டும் வந்தனர். பையன் நோட்டை விரித்தான். அன்றைய ஐந்தில் மூன்று தவறு. அவற்றுள் இரண்டில், பிழை நேர்ந்த வரியின் கீழ் அவனே கோடிட்டிருந்தான்.