எக்ஸ்சேஞ்ச் கணக்கு!

செங்கல்பட்டுக் கடைவீதியில 'எக்ஸ்சேஞ்சுக்கு 5,000 ரூபா'ன்னு போர்டு பார்த்ததும் பழைய மொபைலை நீட்டிடாதீங்க பாஸ்! முதல்ல, 'எக்ஸ்சேஞ்ச் இல்லாம கடைசி ரேட் என்ன?'ன்னு கேளுங்க. 16,000 ரூபா மாடல், ரொக்கத்துக்கு 14,000. எக்ஸ்சேஞ்ச்ல 11,000னு வெச்சுக்குங்க. அப்போ உங்க மொபைலுக்குக் கிடைக்கிறது 3,000தான். வெளியே அதுக்கு மேல போனா, தனியா வித்துடுங்க.

செகண்ட் ஹேண்டா? மாமல்லபுரம் அலையில குளிச்ச மொபைலாக்கூட இருக்கலாம்! சிம் ட்ரே ஓட்டைக்குள்ள டார்ச் அடிங்க. பல மாடல்கள்ல குட்டி ஸ்டிக்கர் இருக்கும். சிவந்திருந்தா தண்ணி பட்டிருக்கு. அடுத்து, *#06# அழுத்தினா வர்ற 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. நம்பரை, 2023-ல மத்திய அரசு ஆரம்பிச்ச 'சஞ்சார் சாத்தி' தளத்துல போட்டுப் பாருங்க. திருட்டு மொபைல்னு முடக்கியிருந்தா தெரிஞ்சுடும். அதுல எந்த சிம்மும் வேலை செய்யாது. காசும் போச்சு, மொபைலும் போச்சு!