அச்சாணிக்குப் பதில் ஆணியா?

'அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது' என்பது பழமொழி. ஆனால் அச்சாணி இருக்க வேண்டிய இடத்தில் ஆணி செருகிய என் கார், நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. முச்சாணிலேயே நின்றிருந்தால் கவலையில்லை. ஓடியதுதான் ஆபத்து! அதைச் சங்கக் குடும்பங்களிடம் மனம் திறந்து சொல்லவே இந்தக் கட்டுரை.

1996ஆம் ஆண்டு. மகளுக்கு முடி இறக்க மைசூரிலிருந்து மாதேஸ்வரன் மலைக்குப் புறப்பட்டோம். (அன்று மைசூர் மாவட்டத்தில் இருந்த அந்த மலை, 1997 முதல் சாமராஜநகர் மாவட்டத்தில் இருக்கிறது.) சுவாமி தரிசனம் முடிந்ததும் மறுபக்கம் பாலாறு வழியாக இறங்கி, கொளத்தூர், மேட்டூர் என்று ஊர் போய்ச் சேருவதாகத் திட்டம். பழைய அம்பாசிடரில் நான், மனைவி, இரண்டு குழந்தைகள், என் தாயார்.

ஒரு மாதத்துக்கு முன் வண்டி பள்ளத்தில் இறங்கி, ஸ்டியரிங்கையும் முன்சக்கரத்தையும் இணைக்கும் 'டை ராட்' வளைந்திருந்தது. மெக்கானிக் புதிதாக வாங்கத்தான் சொன்னார். "காய்ச்சி நிமிர்த்தி, வெல்டிங் வைத்துக் கொடுங்கள், போதும்" என்றவன் நான்தான். சில நூறு ரூபாய் மிச்சம் என்று மகிழ்ச்சி வேறு!

கொள்ளேகால் தாண்டியதும் ஸ்டியரிங் கையில் நடுங்கியது. சாலை மோசம் என்று நினைத்துக்கொண்டேன். மலையடிவாரமான தாளபெட்டாவில் தேநீர் குடிக்க நிறுத்தினோம். வண்டி வந்து நின்றபோதே முன்சக்கரம் ஆடியதைக் கவனித்துவிட்ட மேட்டூர் லாரி ஓட்டுநர் ஒருவர் குனிந்து பார்த்தார். வெல்டிங் ஓரத்தில் மயிரிழை போல் விரிசல். நட்டைப் பூட்டும் 'ஸ்பிளிட் பின்' இருக்க வேண்டிய துளையில் வளைத்துவிட்ட ஓர் ஆணி!

"அண்ணே, இந்த வண்டியிலயா குழந்தைங்கள ஏத்திக்கிட்டு மலை ஏறப் பாத்தீங்க?"

அம்மா ஒன்றும் பேசவில்லை. பேத்தியை இடுப்பில் தூக்கிக்கொண்டு பேருந்து நிற்கும் பக்கம் நடந்தார். நாங்கள் பின்னால் நடந்தோம். அந்த மௌனம் இன்றும் என்னைச் சுடுகிறது.

ஊர் விட்டு ஊர் வந்து பிழைக்கும் நமக்குச் சமாளிப்பு கைவந்த கலை. பெட்ரோல் டாங்க் ஒழுகினால் பார் சோப்பைத் தேய்த்து அடைத்து, அடுத்த ஊர் வரை போய்விடுவோம். அதை நான் குறை சொல்லவில்லை. அந்தச் சமாளிப்பு தோற்றால் வண்டி நின்றுவிடும். ஸ்டியரிங்கில் செய்த சமாளிப்பு தோற்றால் வண்டி நிற்காது, திரும்பவும் திரும்பாது. வளைவில் அதன் பொருள் என்ன என்று சொல்லவும் வேண்டுமோ?

"நம்ம ஆசாரி வைத்த பற்று லேசில் விடாது" என்பார்கள். கைத்திறனில் குறையில்லை, குறை இரும்பில்தான். உருவாக்கும்போதே அளவான சூடு கொடுத்துப் பதப்படுத்தப்பட்ட எஃகு அது. மறுபடி காய்ச்சினால் பதம் கெடுகிறது. வெல்டிங்கை ஒட்டிய பகுதி நொறுங்கும் தன்மை பெறுகிறது. ஒவ்வொரு பள்ளத்திலும் விரிசல் கண்ணுக்குத் தெரியாமல் வளர்ந்து, ஒரு நாள் எச்சரிக்கையின்றி ஒடிகிறது.

1994 மே 1 அன்று இத்தாலியின் இமோலா பந்தயத்தில் அயர்ட்டன் சென்னா உயிரிழந்தார். உள்ளே இடம் போதவில்லை என்று ஸ்டியரிங் தண்டை வெட்டி, விட்டம் குறைந்த குழாயைப் பற்றவைத்திருந்தார்கள். அது ஒடிந்ததால்தான் விபத்து என்பதை அவரது அணியினர் ஏற்கவில்லை. ஆயினும் மோசமாகத் திட்டமிட்டு, மோசமாகச் செய்யப்பட்ட அந்த மாற்றமே காரணம் என்று 2007இல் இத்தாலியின் உச்ச நீதிமன்றம் கூறியது. பெரும் பொறியாளர்கள் செய்த வேலைக்கே அந்தக் கதி என்றால், சாலையோரப் பட்டறை எம்மாத்திரம்?

நம் நாட்டுச் சட்டமும் வாய்மூடி இருக்கவில்லை. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98ஆவது விதி, ஸ்டியரிங் சக்கரத்தின் வெற்றாட்டம் 30 டிகிரியைத் தாண்டக் கூடாது என்கிறது. பால் ஜாயிண்டுகளுக்கு ரப்பர் மூடி இருக்க வேண்டும், இணைப்பு போல்ட்டுகளும் பின்களும் கழலாதபடி பூட்டப்பட வேண்டும் என்றும் சொல்கிறது. ஆணிக்கு அங்கே இடமில்லை!

"ஏழைக்குக் கட்டுமா?" என்று கேட்கலாம். ஸ்பிளிட் பின்னின் விலை சில ரூபாய்தான். கழற்றியதை மறுபடி போடாமல் புதிதாகப் போடச் சொல்லுங்கள். டை ராட் வளைந்தால் மாற்றுங்கள். மாற்றிய பழையதைக் கையில் கேட்டு வாங்குங்கள். பிறகு சக்கர அலைன்மென்ட் பாருங்கள். வழியில் பழுதானால் கயிறு கட்டி இழுக்க வேண்டாம். இழுபடும் வண்டிக்கும் ஸ்டியரிங் வேண்டுமே! முழுதாக ஏற்றிச் செல்லும் வண்டியை அழையுங்கள்.

இன்றைய பவர் ஸ்டியரிங் கார்களில் ஒரு விரலால் சக்கரம் திரும்புகிறது. அந்தச் சுகத்தில் கீழே உள்ள தளர்ச்சி எளிதில் தெரிவதில்லை. ஆகவே தீபாவளிக்கோ பொங்கலுக்கோ ஊருக்குப் புறப்படும் முன், வண்டியை ஒருமுறை தூக்கி நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.

சிக்கனம் நல்ல குணம்தான். ஆனால் எதில் சிக்கனம் என்று ஓர் எல்லை வேண்டாமா? அன்பர்களே, சிந்தியுங்கள்.